ஆம்ப்ல வந்த வாசிப்பு

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். பைபாஸைத் தாண்டி வெறும் குடோன்களா இருக்கிற ரோடு... தெருவிளக்கு ஒண்ணு எரிஞ்சா ஒண்ணு எரியாது. அங்க கடைசி குடோன்ல ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. என் சிநேகிதனோட மச்சான்தான் நடத்துறார். எல்லாரும் அவரை ஒன்ஸ்மோர்னுதான் கூப்பிடுவாங்க. எவ்வளவு நல்லா வாசிச்சாலும், "எங்க, இன்னொரு தடவை"ன்னு உயிரை எடுப்பார். ...ஏய், அந்தப் போனை அணைச்சுத் தொலை. கதை கேக்கறியா, படம் பாக்கறியா?

அவருக்கு ஒரு தம்பி. கிட்டார் வாசிக்கிறவன். போன மழையில பைக் சறுக்கி... போயிட்டான். கைக்குழந்தை வேற. "அவர் கடைசியா வாசிச்சதை ஒரு பாட்டா முடிச்சுக் குடுங்க மாமா, பிள்ளைக்கு அப்பான்னு காட்ட வேற என்ன இருக்கு"ன்னு தம்பி பொண்டாட்டி அழுதிருக்கா. நாளைக்கே தர்றேன்னுட்டார் இவர்.

விஷயம் என்னன்னா, தம்பி வாசிச்சதைப் பச்சையா பதிஞ்சு வச்சிருந்தாங்க. ஆம்ப்னு கிட்டார் சத்தத்தைப் பெருக்குற ஸ்பீக்கர் இருக்குமே, அது கிடையாது, மைக் கிடையாது. கிட்டார்லேர்ந்து வயர், நடுவுல ஒரு சின்னப் பெட்டி, அங்கேர்ந்து நேரா கம்ப்யூட்டர். அந்த மாதிரி பெட்டி ரெண்டு இருந்துச்சு; எது சுத்தமா எடுக்குதுன்னு பாக்க, ஒரே வாசிப்பை ரெண்டுக்கும் பிரிச்சு விட்டிருந்தாங்க. இப்ப அதை ஆம்ப்புக்கு அனுப்பணும். ஆம்ப் கதறும். அதுக்கு முன்னாடி மைக் வச்சு மறுபடி பிடிக்கணும். ஆளே இல்லாம எத்தனை தடவை வேணாலும் பண்ணலாம், அதுதான் அதுல வசதி.

முதல் பெட்டியோடதை ஓட விட்டார். பரவாயில்லை. ரெண்டாவது... மந்தமா இருக்கு. "சனியன் பிடிச்ச பெட்டி"ன்னுட்டு மறுபடி முதலாவது. இப்ப அதுவும் மந்தம்! வயரை மாத்தினார். மைக்கை நகர்த்தினார். ஆம்ப் சூடேறி தூசி கருகற வாடை வருது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசம். மனுஷனுக்கு மண்டை காயுது. பெட்டியை எட்டி உதைச்சார்னா பாத்துக்கோ.

அப்புறம்தான் கவனிச்சார். மந்தம் சத்தத்துல இல்லை... வாசிப்புல. விரல் கம்பியை அழுத்த மாட்டேங்குது. வேகமா போற இடத்துல ட்ர்ர்க்... நிக்குது. அப்புறம் தட்டுத் தடுமாறி தொடருது.

பதிஞ்சது பதிஞ்சதுதானே, மாறுமா? கம்ப்யூட்டர் திரையில வாசிப்போட அலைக்கோடு அதேதான், துளி மாறலை. ஹெட்போன்ல நேரா கேட்டா தம்பி ஜம்முனு வாசிக்கிறான். ஆம்ப் வழியா வந்தா மட்டும் தடுமாறுறான். நீங்களா இருந்தா ஓடியிருப்பீங்க. நானும்தான். அந்த மனுஷனுக்கு பயம் வரலை, கோபம்ல வந்துச்சு!

"ஒழுங்கா வாசிடா! நாளைக்கு உன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எங்க, இன்னொரு தடவை!"

ஆம்ப் இருக்கிற ரூமைப் பார்த்துக் கத்திட்டு, மறுபடி ஓட விட்டார்.

கிட்டார் வரலை. ஆம்ப்லேர்ந்து... ஃபூ... ஃபூ... அடிபட்ட விரலை ஊதுவோமே, அந்த மாதிரி. மைக்கே இல்லாம பதிஞ்சதுல வாய்ச் சத்தம் எப்படிய்யா வரும்?

அப்ப போன் அடிச்சுது. தம்பி பொண்டாட்டி. பக்கத்துல பிள்ளை தூங்குதுபோல, குரலைத் தாழ்த்திப் பேசறா.

"மாமா, இன்னிக்கு இது போதும், விட்டுருங்களேன். விரலெல்லாம் கிழிஞ்சுபோய் இப்பத்தான் வந்தார். கையைத் தண்ணியில வச்சுக்கிட்டு உட்காந்திருக்கார்... ரெண்டு தடவை தண்ணியை மாத்திட்டேன், இன்னும் சிவப்பாவே இருக்கு."