ரோசம்மாள் வீட்டு இரைச்சல்

ஐயா, நான் டீயில்கூடச் சர்க்கரையை அளந்துதான் போடுவேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அதனால்தான் செவ்வாப்பேட்டையிலிருந்து திருவள்ளூர் வரை ஹோம் தியேட்டர் வைக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஒயரிங் வேலைக்கு என்னோடு வருகிறவன் சாம்சன், என் தங்கை புருஷன். பெட்டியும் ஒயரும் நல்லதாக இருக்க வேண்டும் என்பான். எந்தப் பெட்டியானாலும் மைக் வைத்துச் சத்தத்தை அளந்து சாஃப்ட்வேரில் திருத்திவிடலாம் என்பேன் நான். நாலு பேர் முன்னால் அவனைக் கிண்டலும் செய்திருக்கிறேன்.

வேப்பம்பட்டு ரோசம்மாள் வீட்டுக்குப் போனோம். மகள் ஜெனிபர் கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் வேலை பார்த்து, அம்மா பாட்டுக் கேட்க வாங்கிய செட். மாதா படத்துக்குக் கீழேதான் ப்ளக் இருந்தது. ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் பெட்டியை அங்கேயே வைத்தோம். போட்டதும் உர்ரென்று ஓர் இரைச்சல். சாம்சன் புறங்கையால் ரிசீவரைத் தொட்டுப் பார்த்தான்.

“மச்சான், இந்த ஊட்ல எர்த்தே இல்ல. பெட்டில கரண்ட் லீக் ஆவுது. மண்ல எர்த் கம்பி அடிச்சிட்டு அப்பால வைப்போம்.”

அரை நாள் வேலைதான். ஆனால் கம்பி அடித்தால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். மைக்கை வைத்து அளந்தேன். கரண்டின் உர்ர் ஐம்பது ஹெர்ட்ஸில் முட்டிக்கொண்டு நின்றது; சாஃப்ட்வேரில் அதை மட்டும் வெட்டினேன். இரைச்சல் நின்றது.

“இப்ப சொல்லு மாப்ள, எர்த்து இன்னாத்துக்கு?”

மறுநாள் அவன் எர்த் கம்பி வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினான். நானே போய் அடித்துவிட்டேன் என்றேன். நம்பினான், பாவம்.

அடுத்த வாரம் ரோசம்மாள் போன் செய்தார். “தம்பி, பொட்டிய தொடச்சா கை சுருக்குங்குது.”

“ரப்பர் செருப்பு போட்டுக்கினு தொடைங்கம்மா” என்றேன்.

தப்பான யோசனை இல்லை. ஆனால் மாதா முன்னால் அவர் செருப்போடு நிற்க மாட்டார். முதல் நாள் என் செருப்பையே வாசலில் கழற்றச் சொன்னவர். அது எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்துதான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை, வெறுங்காலில் நின்று ஈரத்துணியோடு பெட்டியைத் தொட்டிருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து வந்த ஜெனிபர்தான் அம்மா செத்துக் கிடந்ததைப் பார்த்தாள். நான் போனபோது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அழும்போதும் காது மட்டும் பாட்டைக் கவனித்தது. அவ்வளவு தெளிவு.

அன்றிலிருந்து அந்த உர்ர் என் வீட்டில் கேட்கிறது. ஃபேனை நிறுத்தினாலும், மெயினையே அணைத்தாலும் நிற்பதில்லை. மைக் வைத்து அளந்தேன். ஐம்பதில் ஒன்றுமே காட்டவில்லை. மூன்று முறை அளந்துவிட்டேன். என் மனைவி மைக்கைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள்.

ஒயரிங் செய்தவன் என்று சாம்சனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். அந்தப் பெட்டி ஆளைக் கொல்லும் என்று தெரிந்தும், அவனிடம் தோற்க மனசில்லாமல் அப்படியே விட்டவன் நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த வீட்டு செட்டில் இரைச்சல் துளியும் இல்லை. வேண்டுமானால் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.