பேச்சியம்மாளின் வளையல்களைக் காத்த ஷரஃபுதீன் சாகிபுக்கு

மெழுகுத் தட்டில் மெல்லிசை வரைந்த மேலோரே! முள்முனையில் முத்தமிழைப் பிடித்த முதல்வரே! கம்பெனி முதலாளியையே உதட்டில் ஒரு விரல் வைத்து வாயடைக்கச் செய்த வல்லவரே! திருவல்லிக்கேணி எங்களுக்குத் தந்த திருவே, ஷரஃபுதீன் சாகிபே, வணக்கம்!

பதினெட்டு ஆண்டுகள் இந்தத் தியாகராய நகர் நிலையத்தின் ஒலிப்பதிவாளராக விளங்கி இன்று விடைபெறும் தங்கள் குணங்களையெல்லாம் அடுக்கினால், அடுத்த அறையில் சிற்றுண்டி ஆறிப்போகும். எனவே ஒரே ஒரு பாட்டின் கதையைச் சொல்லி அமைகிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேச்சியம்மாள் சொல்லச் சொன்ன கதை இது.

1943, ஆடி மாதம். பேச்சியம்மாள் தம் முதல் பாட்டைப் பதிய மயிலாப்பூரிலிருந்து வந்தார். கணவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு ஒன்றரை வருஷமாகக் கடிதம் இல்லை. பாட வந்ததும் பிரிவுப் பாட்டுத்தான். ஜன்னல்களுக்கு மெத்தை கட்டி, மின்விசிறியை நிறுத்திய அறையில் அவர் வியர்த்துக்கொண்டே பாடினார். யுத்த காலமாதலால் அந்தப் பாட்டைப் பதியக் கிடைத்த மெழுகுத் தட்டுகள் மூன்றே. முதல் இரண்டிலும், அவர் உருகிக் கையை அசைக்க, கண்ணாடி வளையல்கள் கலகலவென்று பாட்டோடு பதிந்துவிட்டன. இரண்டும் பாழ்.

"இன்னாம்மா நீ! வளையலக் கழட்டி அந்தாண்ட வெச்சிட்டுப் பாடு. இதான் கடைசி மெழுகு" என்றீர்கள்.

எத்தனை நாள் ஆசை அந்தப் பாட்டு! இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வருமோ வராதோ! ஆனாலும் பேச்சியம்மாள் எழுந்துவிட்டார்.

"பாட்டு போனாப் போவட்டும் பாய். அவுக வார வரைக்கும் இதக் கழட்ட மாட்டேன்."

சொன்னதன் பொருள் அப்போதுதான் தங்களுக்கு உறைத்தது. மறுகணமே, மகள் குல்சுமின் நிக்காஹுக்கென்று வாங்கிய தலைப்பாகையை அவிழ்த்து, பல்லால் கடித்து, இரண்டாகக் கிழித்து நீட்டினீர்கள்.

"தப்பா சொல்லிட்டேன் தங்கச்சி. இத்தச் சுத்திக்கினு பாடு."

வளையல்களின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு பாடினார். தீபாவளிக்குத் தட்டு வெளிவந்தது. அரக்குப் பஞ்சத்தால் பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்றிருந்த அந்நாளிலும், கடல் கடந்து போனவர்களின் வீட்டுப் பெண்கள் லஸ் முனைக் கடையில் முண்டியடித்து வாங்கினார்கள். இழுத்து மூடவிருந்த நம் நிலையம் அந்தப் பாட்டால் பிழைத்தது. எங்கள் வீட்டு அடுப்புகள் அதனால்தான் எரிந்தன. இதற்கு எப்படி நன்றி சொல்வது?

யுத்தம் முடிந்து 1946இல், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அவர் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் திரும்பி வந்து சேதி சொன்னார். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போன இடத்தில், பேச்சியம்மாளின் கணவர் காய்ச்சலில் மாண்டுவிட்டார். அன்றுமுதல் தாங்கள் அந்த அம்மாளின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர் பாட வரும்போதெல்லாம் இயந்திரத்தின் மேல் குனிந்தே இருந்தீர்கள். "கழட்டுன்னு சொன்ன வாய் இது" என்று எங்களிடம் புலம்பினீர்கள். போன வாரம்தான் அதை அவரிடம் சொன்னோம். அவர் சொன்ன பதிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்கிறோம்:

"பாய், அவுக போனது அந்த வருசம் ஆனி மாசம். நீங்க சொன்னது ஆடியில. ஒங்க வாக்குல ஒண்ணுமில்ல. அன்னைக்கே நான் தாலியறுத்தவதான், எனக்குத்தான் தெரியாது. நீங்க துணியக் கிழிச்சுக் குடுத்தீக. நான் இன்னும் மூணு வருசம் வளையல் போட்டுக்கிட்டு அவுக பொஞ்சாதியா இருந்தேன்."

தாங்களும் துணைவியார் அன்வரி பேகமும் நோய்நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகள் சூழ நெடுநாள் வாழ இறைவன் அருளட்டும். சாகிபே, குனிந்தது போதும். அதோ, அவர் எழுந்து நிற்கிறார். நிமிர்ந்து பாருங்கள்.

நன்றி மறவாத,
கீதமஞ்சரி இசைத்தட்டு நிலைய ஊழியர்கள்
தியாகராய நகர், 1949