கொசுறு

இல்ல தம்பி, அது துரு இல்ல, காஞ்ச சேறு. நகத்தால சொரண்டிப் பாருங்க. பாத்தீங்களா? அடியில பெயின்ட் அப்படியே இருக்கு. ஏறி உக்காருங்க. சீட்ட முன்னால இழுத்துக்கணும் நீங்க. ஓட்டினவன் காலு நீளம்.

ஆமா, என் பையன் வண்டி. டேனர்னு பேரு. தீவனக்கடையில சொன்னாங்களாக்கும், ஃபுட்பால் ஆடினவன்னு? ஆடினான். காலேஜோட நிக்கல, பெரிய லீக்லயே ஆடினான். என்னது, நீங்க ஃபுட்பாலே பாக்கறதில்லையா? இந்தக் கன்சாஸ்ல அப்படியும் ஒரு ஆளா! மெதுவா சொல்லுங்க, என் மச்சான் வெர்ஜில் காதுல விழுந்தா வண்டிய உங்களுக்கு விக்க விடமாட்டான்.

அது ஒண்ணுமில்ல. நம்ம அமெரிக்க ஃபுட்பால், பந்தக் கையில புடிச்சுட்டு ஓடி மோதற ஆட்டம். வருஷத்துக்கு ஒரு தடவ எல்லா டீமும் வரிசையா, ஒருத்தர் மாத்தி ஒருத்தர், காலேஜ் பசங்கள எடுப்பாங்க. டிராஃப்ட்டும்பாங்க. ஏழு ரவுண்டு போகும். முதல் ரவுண்டுல போறவன் டிவியில கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு அம்மாவக் கட்டிப்பிடிச்சுட்டு நிப்பான். ஏழாவது ரவுண்டு வர்றப்ப டிவிக்காரனே கொட்டாவி விடுவான். நம்மாளு அங்கதான் இருந்தான்.

மூணு நாள் நடக்கும் அது. முதல் நாளு வீடு நெறைய ஜனம். என் வீட்டுக்காரி ஜோலீன், கறியும் கோஸும் வச்சு பன்னு சுட்டு அடுக்கி வச்சிருந்தா. ரெண்டாம் நாளு பாதிப் பேரு வரல. மூணாம் நாளு சாயங்காலம் வெர்ஜில் மட்டும்தான், அவனும் சோபாவுல தூங்கிட்டான். டேனர் போனை மேசையிலயே வச்சுட்டு கொட்டகைப் பக்கம் போயிட்டான், கன்னுக்குட்டியப் பாக்கறேன்னு. அப்பப் பாத்து போன் வருது. ஜோலீன் எடுத்து, எங்களுக்கு இன்சூரன்ஸெல்லாம் வேணாம்னு வச்சுட்டா! நெசமா. மறுபடியும் அடிச்சாங்க, நல்லவேளை. ஓடிப்போய் டேனரக் கூட்டிட்டு வந்தேன். கோச்சு எங்க குடும்பப் பேர வாயில நொழையாம எப்படியோ சொன்னாரு. அதனால என்ன, டேனர் தரையில உக்காந்து அழுதான். நானுந்தான்.

டேனர எடுத்தாங்களே, அந்த எடம் இருக்குல்ல, அது அந்த டீமோடது கூட இல்ல தம்பி. இவங்க வேற டீமுக்கு வயசான ஆட்டக்காரர் ஒருத்தரக் குடுத்தப்ப, இந்தா இதையும் வச்சுக்கன்னு அந்த டீம் கொசுறா குடுத்தது. முட்டை வாங்க வந்தவங்களுக்கு மேல ஒண்ணு வைப்போமே, அப்படி. ஒரு தப்பும் சொல்லல. அதுல வந்து பெரிய ஆளானவங்களும் உண்டு. டீமுக்கு என்ன, பத்துப் பேர எடுத்து ஒருத்தன் தேறினாலும் லாபந்தான். மீதி ஒம்பது பேரப் பத்தி யாரும் பேசமாட்டாங்க.

பிரேக்கா? போன மாசந்தான் மாத்தினேன். நல்லா அழுத்திப் பாருங்க.

முதல் ரவுண்டுக்காரன் பந்த நழுவ விட்டா, பையன் கத்துக்கறாம்பாங்க. ஏழாவது ரவுண்டுக்காரன் நழுவ விட்டா, அடுத்தவன் யாருடாம்பாங்க. இவன் நழுவ விடல. டீம்ல எடம் புடிச்சுட்டான். அன்னைக்கு வாங்கினதுதான் இந்த வண்டி. மத்த பசங்க புதுக் காரு வாங்கினாங்க. இவன், எதுக்குப்பா, நாளைக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு, பழசாப் பாத்து வாங்கினான்.

டீம்ல டேனருக்கு என்ன வேலன்னா, ஆட்டம் ஆரம்பிக்கறப்ப பந்த ஒதச்சு அனுப்புவாங்க. எதிர்ப்பக்கம் ஒருத்தன் அதப் புடிச்சுட்டு ஓடி வருவான். டேனர் மாதிரி ஆளுங்க முழு வேகத்துல ஓடிப்போய் அவன் மேல மோதணும். அவ்வளவுதான். பெரிய ஆட்டக்காரங்கள அதுக்கு அனுப்பமாட்டாங்க, அடிபட்டுடும்ல.

ரெண்டாவது வருஷம், மழையில ஒரு ஆட்டம். டிவியில பாத்துக்கிட்டிருக்கோம். மோதினான், தலையடிக்க விழுந்தான், சட்டுனு எந்திரிச்சுட்டான். எந்திரிச்சவன் நேரா எதிர் டீம்காரங்க உக்காந்திருக்கிற பக்கம் நடந்து போறான். வெர்ஜில் விழுந்து விழுந்து சிரிச்சான். ஜோலீன் சிரிக்கல. போன் போட்டு, டேய், டாக்டருகிட்ட சொல்லுடான்னா. அவன் சொல்றான், அம்மா, பெரிய ஆளுக்குத் தலவலின்னா ரெஸ்ட்டு குடுப்பாங்க, எனக்குத் தலவலின்னா என் எடத்துக்கு ஆளப் போடுவாங்க. ஒருத்தன் என் பின்னாடியே நிக்கறாம்மா. அப்படின்னான். இவ மறுபடி மறுபடி சொன்னா. சரிம்மா சரிம்மான்னு வச்சுட்டான்.

அடுத்த ஆட்டத்துலயும் ஓடினான். மறுபடியும் தலையிலயே அடி. அதோட முடிஞ்சுது. ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்.

டீம்காரங்க நல்லவங்கதான். பூவெல்லாம் அனுப்பினாங்க. பின்னாடி நின்னான்னேன்ல, அந்தப் பையன் இன்னும் ஆடறான். அவன் மேல எனக்கென்ன கோவம்? கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். நல்லா ஆடுப்பான்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது.

ஹீட்டர் போட்டுப் பாருங்க. கொஞ்ச நேரம் புழுதி வாடை வரும், அப்புறம் போயிடும். ரொம்ப நாளா ஓட்டல.

அவனே வந்து ஏன் காட்டலன்னா... யாரு, ஜன்னல்லயா? ஆமா, அவன்தான். கோவமாப் பாக்கல தம்பி, நீங்க பயப்படாதீங்க. இப்ப அவன் மொகமே அப்படித்தான் இருக்கு. பக்கத்துல ஜோலீன், சூப்பு ஊட்டறா. அவ கையால குடுத்தாத்தான் எறங்குது.

காலையில இத வெளிய எடுத்து நிறுத்தறப்பப் பாத்துட்டு, யாரு வண்டிப்பா, நல்லாருக்கேன்னான். வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காருடான்னுட்டேன். சரின்னுட்டான்.

அதனால கெளம்பறப்ப அந்த ஜன்னலப் பாத்து ஒரு கை ஆட்டிட்டுப் போங்க தம்பி. வந்தவரு போறாருன்னு நெனச்சுக்குவான்.