புகையைப் பிடித்த கூலி

அன்று விசுவமடுவில் மா அரைக்கும் மில்லில் நின்றவர்கள்: மில்காரர் செல்லத்துரை, பக்கத்து வளவில் அப்பளம் போட்டு விற்கும் ராசம்மாக்கா, சைக்கிளோடு வந்த தர்மபுரத்து ஆள் ஒருவர், மிளகாய்ப் பையோடு நான். காயப்போட்ட அப்பளத்தில் மில்லின் கரி விழுகிறது என்று ராசம்மாக்கா முறையிட, புகைக் குழாயைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் விடும்படி ஊர் அதிகாரியான விதானையார் உத்தரவு போட்டிருந்தார். பீப்பா வைத்த நாள் முதல் எஞ்சின் திணறித் திணறி ஓடியது. வெடித்துவிடுமோ என்று நான் வாசலிலேயே நின்றேன்.

"உழுந்து அரைச்ச கூலி பத்து ரூபா, புகை பிடிச்ச கூலி ரெண்டு ரூபா," என்றார் செல்லத்துரை, உழுந்து அரைக்க வந்த ராசம்மாக்காவிடம்.

"உம்மடை புகைக்கு நானோ தம்பி காசு தாறது?"

"பீப்பா வைச்சாப் பிறகு எஞ்சின் மண்ணெண்ணெய் கூடுதலாக் குடிக்குது அக்கா. தராட்டி மில்லைப் பூட்டிறன், நீங்கள் உரலிலை இடியுங்கோ."

நான் மிளகாய்ப் பையை இறுக்கிப் பிடித்தேன்.

சைக்கிள்காரர் இடையில் புகுந்தார். "வெளிநாட்டிலை காஸ் எரிச்சுக் கரண்ட் எடுக்கிற இடத்துப் புகையையும் பிடிச்சு நிலத்துக்கை இறக்கலாமாம். ரேடியோவிலை கேட்டனான்."

"அங்கை ஆர் காசு குடுக்கிறது?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"அதைச் சொல்ல முந்தி ரேடியோ பற்றறி இறங்கிப்போச்சு."

"சரி, பிடிச்ச புகையைக் காட்டும், காசு தாறன்," என்றார் ராசம்மாக்கா.

செல்லத்துரை பீப்பாவில் இருந்து ஒரு வாளி கறுப்புத் தண்ணீரை அள்ளி வந்து அவர் முன்னால் வைத்தார். "இந்தாங்கோ, கொண்டு போங்கோ."

"ஐயோ, இதை நான் எங்கை வைக்கிறது?"

"அதைத்தான் நானும் விதானையாரிட்டைக் கேட்டனான்."

ராசம்மாக்கா பத்து ரூபாயை மேசையில் வைத்தார். வாளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மாவோடு போனார். பாக்கி இரண்டு ரூபாய்.