அக்காவுக்காக நிரப்பிய படிவம்

மாலை வகுப்புக்கு நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் சில சமயம் தப்பாக எழுதிவிடுவதும் உண்டு.

அக்காவுக்குச் சோரியாசிஸ் வந்து ஒன்பது வருடம். தொற்றாத நோய் என்று எத்தனை முறை சொல்லியும், வேலை பார்த்த கடையில் பில் போடும் இடத்திலிருந்து அவளை எழுப்பிப் பின்னால் கிடங்கில் உட்காரவைத்தார்கள். முதலில் அதையும் கேலியாக்கினாள். "என்கூட வந்தா வழி தப்பாதுடா. உதிர்ந்த தோலைப் பார்த்துக்கிட்டே வீடு திரும்பிடலாம்." பிறகு கேலி நின்றது. குளிக்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். செதில் கூட்டுவது நான், முதுகில் களிம்பு தடவுவது நான், விரிப்பு துவைப்பது நான். முடியவில்லை என்று நான் போய்ச் சொல்ல யாரும் இல்லை.

தோல் மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்கும் முன் மனநிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். அக்காவுக்கு விரல்கள் வெடித்திருந்தன, பேனா பிடிக்க முடியாது. நான் படிப்பேன், அவள் சொல்வாள், நான் கட்டத்தில் குறி போடுவேன். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா.

"தினமும்னு போடு," என்றாள்.

'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் போட்டேன். 'தினமும்' என்று சொன்ன ஒருவரை அன்றே உள்நோயாளியாகச் சேர்த்ததை முந்தின மாதம் பார்த்திருந்தேன். துணைக்கு ஓர் ஆள் தங்க வேண்டும். எனக்கு அந்த வாரம் தேர்வு. மற்ற பதில்களையும் கொஞ்சம் குறைத்தேன், ஒன்று மட்டும் மாறினால் பொருந்தாமல் தெரியும்.

மருத்துவர் படிவத்தைப் பார்த்தார், களிம்பை மாற்றினார், அனுப்பிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா கேட்டாள். "தினமும்னுதானே போட்டே?"

"ஆமாக்கா."

"படிச்சுட்டும் அவர் ஒண்ணுமே கேக்கலையேடா." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். "அப்ப அவ்வளவுதான் போல."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேருந்து வந்துவிட்டது.

பதினோராம் நாள் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். விசாரணையில் நீங்கள் கேட்பதற்குப் பதில் இதுதான்: படிவத்தில் பொய்யாகக் குறித்தவன் நான். ஆனால் இடையில் இருந்த பத்து நாளும் சாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் கவனித்து எழுதியிருக்கிறேன். பார்க்கப்போனால், நான் போட்ட குறி சரியாகத்தான் இருந்திருக்கிறது.