கனாயோவின் மூக்கு

விஸ்கியில் ஐஸ் போட்டுக் குடிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, மேடம். அவரவர் தொண்டை, அவரவர் சுகம். ஐஸ் விழுந்ததும் வாசனை படுத்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். சுருட்டோடு சேர்த்துக் குடிக்கும்போதுதான் கொஞ்சம் கண்டிப்பு காட்டுவேன். லேசான சுருட்டுக்குப் புகைநெடி ஏறிய விஸ்கியைக் கொடுத்தால் சுருட்டு செத்துப்போகும். கேமரூன் புகையிலையை மேல் இலையாகச் சுற்றிய சுருட்டுக்கு, பழவாசம் உள்ள விஸ்கிதான் தோதுப்படும். இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் வாயில் நிற்க வேண்டும். நல்ல தம்பதியைப் பார்ப்பது போலத்தான், அடிக்கடி காணக் கிடைக்காது.

என் பிழைப்பு பெயிண்ட் கடை. எனுகு ஊரில் பாதி வீடுகளுக்கு நான்தான் பெயிண்ட் கொடுத்திருப்பேன். அந்த நெடியில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் மூக்கு கெடவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், என் நண்பன் கனாயோவின் பேச்சைக் கேட்டு அவனுடைய நாக்கைப் புகழ்ந்தவர்கள் எல்லாரும் உண்மையில் என் மூக்கைத்தான் புகழ்ந்தார்கள். இது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

எங்களில் பானம் கொடுக்கிறவன் முதல் மடக்கைத் தானே குடித்துக் காட்ட வேண்டும். உள்ளே விஷமில்லை என்று விருந்தாளிக்குக் காட்டுவதற்காக. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கனாயோ வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த வழக்கம் வளர்ந்து வேறொன்றாகிவிட்டது. கோலாக் கொட்டை உடைத்து வேண்டிக்கொண்டதும் அவன் முதல் மடக்கைக் குடிப்பான், சுருட்டை ஒரு இழுப்பு இழுப்பான், கண்ணை மூடிக்கொண்டு அந்த ஜோடியைப் பற்றி நாலு வார்த்தை சொல்வான். அந்த நாலு வார்த்தைக்காகவே ஆட்கள் வருவார்கள். "நெருப்பில் சுட்ட மீனும் உடாராப் பழத்தோலும்" என்று ஒருமுறை சொன்னான். வக்கீல் ஒன்யெமா எழுந்து நின்று கைதட்டினார். விஸ்கியில் கோக் கலந்து குடிக்கிற மனுஷன், அவருக்கு என்ன தெரியும்.

சுட்ட மீனும் உடாராத் தோலும் நான் சொன்னவை. அதற்கு முந்தைய வருஷம் கனாயோவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. என் கடைக்கு வந்தான். டர்பன்டைன் டப்பா ஒன்றைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தான், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர். சின்ன வயதிலிருந்து கூடவே சுற்றியவன், அழுது நான் பார்த்ததில்லை.

"டிலி, எனக்கு ஒண்ணுமே வரலடா. வெறும் எரிச்சல்தான் வருது."

"யார்கிட்டயும் சொல்லாதே. நான் இருக்கேன்ல?" என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாருக்கும் முன்னால் நான் போய்விடுவேன். விஸ்கியையும் சுருட்டையும் பார்த்துச் சேர்த்துவைப்பேன். வார்த்தையும் எடுத்துக் கொடுப்பேன். அவன் ஒருமுறை பற்றவைத்துச் சொல்லிப் பார்ப்பான். பிறகு கூட்டத்தில் சொல்வான், என்னைவிட அழகாகத்தான் சொல்வான், அதை மறுக்கமாட்டேன். மெதுவாக எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தான். சட்டையில் வேர்வை நாறுகிறதா, பால் திரிந்துவிட்டதா, மனைவி உகோயே புது அத்தர் போட்டிருக்கிறாளா? போனில் கேட்பான். ஒரு கல்யாண வீட்டில் கூட்டத்துக்கு நடுவே என் காதைப் பிடித்து இழுத்துக் கேட்டான். எனக்கு மனைவி மக்கள் இல்லை. ஒரு மனிதன் இன்னொருவனை அவ்வளவு நம்புவது சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தான். நல்ல ஹார்மட்டான் புழுதிக்காற்றுக் காலம், புருவமெல்லாம் புழுதி. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"போதும்டா. ஊரான் மூக்க எத்தன நாளைக்கு இரவல் வாங்குறது? ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் சொல்லிடப்போறேன்."

"சிரிப்பாங்க கனாயோ."

"சிரிச்சுட்டுப் போகட்டும். யோசிச்சுப் பாத்தா எனக்கே சிரிப்பாத்தான் வருது. இனிமே வாரத்துக்கு ஒருத்தர் எனக்கு வாசன சொல்லட்டும். ஒன்யெமா சொல்லட்டும், கோக் வாசனையாவது தெரியும்ல அந்தாளுக்கு! நீயும் கொஞ்சம் ஓய்வா இரு. என்னால உனக்கு எவ்வளவு தொல்ல."

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவனுக்காகத்தான் பயந்தேன். இரண்டு வருஷம் ஊரை ஏமாற்றியவன் என்று பேசுவார்கள். மனிதனுக்கு மானத்தைவிட என்ன இருக்கிறது? ஒன்யெமா போன்ற ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதை இவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த மூன்று ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் எதையும் திட்டமிடவில்லை. கையில் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முன்னாலேயே போனேன். பின்கட்டில் இருக்கும் அந்தக் கூட்ட அறை உங்களுக்குத் தெரியும், பார்த்திருக்கிறீர்கள், இப்போது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. புழுதிக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஒட்டியே சின்னச் சமையலறை, நடுவில் கதவு கிடையாது. சமையல்காரி அடாக்கு வெளியே முற்றத்தில் ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். காலையில் புது கேஸ் சிலிண்டர் மாட்டியிருக்கிறார்கள், குழாய் சரியாக உட்காரவில்லை. உள்ளே கால் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா?

சிலிண்டரை மூடியிருக்கலாம். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். ஜன்னலைத் திறந்திருக்கலாம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் முன்னோர்கள் கோப்பையைத்தான் சந்தேகப்பட்டார்கள், காற்றைச் சந்தேகப்படவில்லை என்று ஏனோ தோன்றியது. பிறகு எழுந்து என் வேலையைப் பார்த்தேன். கறுத்த சுருட்டு ஒன்றை எடுத்து முனை வெட்டினேன். ஷெர்ரிப் பீப்பாயில் கிடந்த விஸ்கியை ஊற்றி வைத்தேன். சுருட்டைப் பற்றவைக்க அவன் பயன்படுத்தும் தேவதாருச் சீவலையும் தீப்பெட்டியையும் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன். நல்ல ஜோடி, மேடம். அந்த இரண்டு வருஷத்தில் நான் சேர்த்ததிலேயே நல்ல ஜோடி அதுதான்.

முற்றத்துக்குப் போய் அடாக்குவிடம், மிளகு சூப்புக்கு உட்டாசிக் கீரை வாங்கி வரச் சொன்னேன். "கீரதான் இருக்கே ஐயா, ஒரு கட்டு" என்றாள். "வாடிப்போச்சு, வேற வாங்கிட்டு வா" என்று அனுப்பினேன். இதை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். பிடித்ததில் வருத்தமில்லை. ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்கும் அதுதானே சாட்சி? அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. மற்றவர்கள் வர நேரமாகும் என்றும் தெரியும். எங்கள் ஆட்களை மூன்று மணிக்குக் கூப்பிட்டால் நாலரைக்குத்தான் குளிக்கப்போவார்கள்.

வெடிச்சத்தம் கேட்டபோது நான் வாசல் கேட் பக்கம் நின்றிருந்தேன். ஓடினேன். முன்னால் ஓடியவன் நான்தான், என் முழங்கையில் தழும்பு இருக்கிறது பாருங்கள். கூரைத் தகரத்தை இழுத்துப் போட்டு அவனை வெளியே கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரி போகும் வழியில் போய்விட்டான். நான் அழுதேன், அது நடிப்பில்லை.

அடக்கத்தின்போது நான்தான் பேசினேன். எனுகுவில் இப்படி ஒரு நாக்கு இனிப் பிறக்காது என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவன் மானம் அவனோடு பத்திரமாக மண்ணுக்குள் போனது என்று எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுத்தவள் உகோயே. சடங்கெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க இன்னும் மறைக்கிறீங்க. அவருக்கு மூக்கு போனது எனக்கு அப்பவே தெரியும். கூட்டத்துக்காரங்களுக்கும் தெரியும், வெள்ளிக்கிழமையே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுச் சொல்லிட்டாரு. ஒன்யெமாகூட, 'அட, நாக்கே இல்லாம இவ்வளவு பேசினியா, நீதான்யா வக்கீலாயிருக்கணும்'னு சிரிச்சாராம். இவருக்கும் ஒரே சிரிப்பு. ரெண்டு வருஷமா அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. ஞாயித்துக்கெழம உங்களுக்கு எல்லார் முன்னாடியும் நன்றி சொல்றதுக்கு என்ன பேசணும்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்தாரு."

எல்லாருக்கும் தெரியுமாம். தெரிந்துகொண்டேதான் என் பேச்சுக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மானத்துக்காகச் செய்தேன் என்றால், போகாத மானத்தை நான் எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் லாக்கப்பில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னை விட்டுவிட்டு அத்தனை பேருக்கும் போன் செய்திருக்கிறான் பாருங்கள்.

இன்னொன்றை நான் இதுவரை சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் பேசாமல் இருந்ததுதான் குற்றம் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அது சரியில்லை. கனாயோ குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக வந்தான். வாசற்படியில் நின்றான்.

"டிலி, கடைசித் தடவ உன்னக் கேக்குறேன். உள்ள என்ன வாசன?"

"விஸ்கி, சுருட்டு. வேற ஒண்ணுமில்ல. போய்ப் பத்தவச்சுப் பாரு" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

கடைசித் தடவை என்று அவன் சொன்னபடிதான் நடந்தது, மேடம். அதற்கப்புறம் அவன் யாரிடமும் கேட்கவில்லை.