லுவோம் பண்ணையில் மூன்றாவது ஃபேஸ்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி முனகுகிறது, கவனித்தீர்களா? கண்டென்சர் போயிருக்கும். இந்தப் பேச்சு முடிந்ததும் பார்த்துவிடுகிறேன்.

லுவோமைப் பற்றித்தானே கேட்டீர்கள். நல்ல பையன்தான். எங்கள் பாக் லியூவில் இறால் வளர்க்கிறவர்கள் எல்லாருமே நல்லவர்கள், வாய்தான் கொஞ்சம் நீளம். குட்டையில் துடுப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இறால் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும். அந்தச் சக்கரத்தின் மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம். மூன்று பேர் சேர்ந்து தூக்கும் பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கழன்றுகொண்டால் மற்ற இருவருக்கும் இடுப்பு ஒடியும். மோட்டார் உறுமும், சுற்றாது, வெந்துபோகும். அப்படி ஒரு ஃபேஸ் போனதும் மின்சாரத்தை வெட்டிவிட ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பிரிவென்டர். ஊரில் அதை விற்பவனும் மாட்டுபவனும் நான்தான்.

எங்கள் ஆட்களுக்கு வேறொரு வைத்தியம் தெரியும். மோட்டார் உறுமினால் இடுப்பளவு உப்புத்தண்ணீரில் இறங்கிச் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுவார்கள். சில நேரம் சுற்றவும் செய்யும்.

லுவோம் என்னிடம் பிரிவென்டர் வாங்கினான். அவன் அப்பா திதி விருந்தில், எல்லாரும் அரிசிச் சாராயத்தோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னான்:

"கியெத் அண்ணே, உங்க பெட்டி என் மாமியார் மாதிரி. யாராவது தும்முனா போதும், எல்லாத்தையும் நிறுத்திடுது."

"இப்ப எங்கடா இருக்கு அது?"

"வயரைப் போட்டு நேரா குடுத்துட்டேன். பெட்டி சேவல் கூண்டுல இருக்கு. சேவல் அதுமேல உக்காந்துதான் வெளிக்குப் போகுது."

சுட்ட விராலை வாயில் வைத்துக்கொண்டே அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாள் முதல் ஒவ்வொருவராகப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வருத்தம் என்று பொய் சொல்ல மாட்டேன். கொதித்தேன்.

ஒரே ஒரு மோட்டார் எரிய வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். மழை பெய்து ஓய்ந்த ஒரு மதியம் அவன் மோட்டார் கொட்டகைக்குப் போய் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சக்கரம் நின்றது. மோட்டார் உறுமத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் லுவோம் கரையோரமாக வந்தான்.

"அண்ணே, நல்லவேளை நீங்க இருக்கீங்க. உறுமுது, சுத்த மாட்டேங்குது."

அதற்குள் மோட்டாரில் லேசாகப் புகை. உள்ளே கம்பி வெந்தால் மோட்டாரின் உடம்பிலும் அதோடு சேர்ந்த சக்கரத்திலும் மின்சாரம் ஏறும். அது எனக்குத் தெரியும், என் தொழில் அல்லவா.

"மெயினை அணைச்சுட்டு எறங்கட்டுமாண்ணே?"

"எதுக்கு? எப்பவும் போல ஒரு தள்ளு தள்ளு," என்றேன்.

தண்ணீரில் இறங்கித் தள்ளினான். கை ஒட்டிக்கொண்டது.

மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. நியாயமாக யோசித்துப் பாருங்கள். நானே அணைத்தால், பெட்டி செய்ய வேண்டிய வேலையை நான் ஓசியில் செய்ததாக ஆகிவிடும். அப்புறம் எவன் வாங்குவான்?

அவன் மனைவி ஹுவே பார்த்துவிட்டாள். வீடு மறுகரையில். அங்கிருந்து ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு மெயினை அணைத்தாள். அதற்குள் அவன் உயிர் போய்விட்டது. அவள் தள்ளியதில் ஃபியூஸ் கட்டை என் பையிலிருந்து கீழே விழுந்தது. அதனால்தான் நாம் இருவரும் இப்படி உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டிவரும்போதே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பிரிவென்டர் கைவசம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஹுவேயை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது. எட்டு மாத வயிற்றோடு, அந்த வழுக்கும் சேற்றில் அவ்வளவு தூரம் ஓடிவந்தாள். கொஞ்சமாவது பொறுப்பு இருந்திருந்தால், பெட்டியைக் கழற்றி அவளை இப்படி ஓட விட்டிருப்பானா அந்தப் பாவி?